குணமதியின் ஒன்றரை மணி நேரம்

முழங்கால் ஆபரேஷனுக்கு நாள் குறித்துக்கொண்டு விழுப்புரத்திலிருந்து திரும்பிய அன்று குணமதி தெரு முழுக்க எள்ளுருண்டை கொடுத்தாள். கல்யாணத்துக்கு நாள் குறித்தவர்கள் இனிப்புக் கொடுப்பார்கள், மனை வாங்கியவர்கள் கொடுப்பார்கள். பழைய மூட்டை அறுத்தெடுத்துவிட்டுப் புது மூட்டு வைக்கப்போகிறார்கள் என்பதற்காக எள்ளுருண்டை பிடித்தவள் திண்டிவனத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

"ஆபரேஷனுக்கு யாராவது ஸ்வீட் குடுப்பாங்களா? பாக்கறவங்க இன்னா நெனைப்பாங்க?" என்றார் அவள் கணவர் ஜினபாலன். மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வாங்கி விற்கிறவர். நல்லதோ கெட்டதோ, எது வந்தாலும் முதலில் பயந்து வைப்பது அவர் வழக்கம்.

"இன்னா நெனைப்பாங்க? குணமதிக்குக் காலு வரப்போவுதுன்னு நெனைப்பாங்க. நீங்களும் ஒண்ணு எடுத்துக்குங்க."

குணமதிக்கு அறுபத்து மூன்று வயது. டெலிபோன் ஆபீஸில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். போன் மணி இரண்டாவது முறை அடிக்க அவள் காது பொறுக்காது. அப்படிப்பட்ட அவசரக்காரிக்கு வலது முழங்கால் மட்டும் ஏழெட்டு வருஷமாக ஒத்துழைக்க மறுத்தது. எழுந்தால் வலி, நின்றால் வலி, படி என்று யாராவது சொன்னாலே வலி. இத்தனை வருஷம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு காலத்தை ஓட்டியவள், இந்த ஆடி மாதம் ஒரு செய்தி காதில் விழுந்த மறுநாளே டாக்டரிடம் போய் நின்றாள். முன்பு தன் வீட்டுக்கு வந்த முனிவர் மறுபடியும் மேல்சித்தாமூர் ஜைன மடத்துக்கு வந்திருக்கிறார் என்றால் சும்மா இருக்க முடியுமா? அவரைப் பார்த்து ஐந்து வருஷம். அந்தக் கணக்கு அவளுக்கு மறக்காது.

ஜைன முனிவர்கள் நாளைக்கு ஒரே வேளைதான் சாப்பிடுவார்கள். தண்ணீரும் அந்த வேளையோடு சரி. தட்டு கிடையாது. நின்றபடியே இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்துவார்கள். வீட்டுக்காரர்கள் எதிரே நின்று கவளம் கவளமாக அந்தக் கையில் வைக்க வேண்டும். நடுவில் ஒரு முடி விழுந்தாலும், ஓர் எறும்பு செத்தாலும், பரிமாறுகிறவர் தடுக்கி விழுந்தாலும் கையைப் பிரித்துவிடுவார்கள். அன்றைய சாப்பாடு அதோடு முடிந்தது. அடுத்தது மறுநாள்தான்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மாதம் அந்த முனிவர் குணமதி வீட்டுக்கு ஆகாரத்துக்கு வந்தார். இரண்டு கவளம் வைத்தாள். மூன்றாவதை எடுக்கும்போது முழங்கால் மடங்கிவிட்டது. கிண்ணத்தோடு தரையில் விழுந்தாள். முனிவர் கையைப் பிரித்தார், அமர்ந்தார், கையோடு கொண்டுவந்த மயிற்பீலிக் கற்றையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை. மறுநாள் வெயிலில் இருபது கிலோமீட்டர் நடந்தார் என்று பிறகு சொன்னார்கள். அவளை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். ஒரு மனிதரை ஒரு நாள் முழுக்கப் பட்டினி போட்டது தன் முழங்கால்தான் என்ற நினைப்பு அவளை விடவே இல்லை. அதற்குப் பிறகு எந்த முனிவர் வந்தாலும் அவள் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

இப்போது அதே முனிவர் மழைக்காலம் நாலு மாதமும் மேல்சித்தாமூரில் தங்குகிறார். தீபாவளி கழித்துக் கார்த்திகையில் திண்டிவனம் வழியாகக் காஞ்சிபுரம் பக்கம் நடக்கப்போகிறார். திண்டிவனத்தில் ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாள் குணமதிக்கு வேண்டும்.

விழுப்புரத்தில் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"சரி, ஆபரேஷன் பண்ணிடலாம். அதுக்கப்பறம் நீங்க இன்னா பண்ணணும்னு ஆசைப்படறீங்க? மாடி ஏறணுமா, வாக்கிங் போவணுமா?"

"நிக்கணும் சார்."

"நிக்கறதா?"

"ஒன்றரை மணி நேரம். நடுவுல உக்காரக் கூடாது, சாயக் கூடாது, எதையும் புடிச்சிக்கக் கூடாது. வாசல்ல காத்திருக்க முக்கா மணி, உள்ள பரிமாற முக்கா மணி. இப்ப நாலு நிமிஷம் நிப்பேன். கார்த்திகைக்குள்ள ஆவுமா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஜினபாலனைப் பார்த்தார். ஜினபாலன் கூரையைப் பார்த்தார்.

"ஆவணில பண்ணா மூணு மாசம் கிடைக்கும்," என்றார் டாக்டர். "எக்சர்சைஸ் ஒழுங்கா பண்ணா ஆவும். பண்ணலேன்னா காலு மடங்காது. அப்பறம் என்னைக் கேக்கக் கூடாது."

"அதெல்லாம் நீங்க வேலைய முடிங்க சார். மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

அவளைக் கவனிக்க டாக்டர் பிடித்துக் கொடுத்த பிசியோதெரபிஸ்ட் பெயர் அலெக்ஸ். திண்டிவனத்துக்காரன். தினமும் காலை ரயிலில் விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறவன். ஆபரேஷனுக்கு மூன்று வாரம் முன்பே அவன் பயிற்சியைத் தொடங்கிவிட்டான். தொடைச் சதை பலமாக இருந்தால்தான் புது மூட்டு சொன்னபடி கேட்கும் என்றான். முழங்காலுக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்து அழுத்தச் சொன்னான். பத்து முறை என்றால் குணமதி இருபது முறை அழுத்தினாள்.

"ஆர்வக்கோளாறு வாணாம்மா. சொன்னத மட்டும் பண்ணுங்க," என்றான் அலெக்ஸ்.

வீடும் தயாராயிற்று. தரையில் விரித்திருந்த பாய்களும் கால்மிதிகளும் சுருட்டி மேலே போயின. கழிப்பறையில் உயரமான பீங்கானும் பிடித்துக்கொள்ளக் கம்பியும் வந்தன. கட்டிலுக்கு நாலு மூலையிலும் செங்கல் வைத்து உயர்த்தினார்கள். சொத்தைப் பல் இருந்தால் அந்தக் கிருமி புது மூட்டுக்குப் போய்விடும் என்று பல் டாக்டரிடமும் அனுப்பினார்கள். ஒரு பல் போயிற்று. குணமதி அதற்கும் வருத்தப்படவில்லை.

"போவட்டும், நிக்கறதுக்குப் பல்லு வாணாம்," என்றாள் மருமகள் பத்மப்ரியாவிடம், கன்னத்தில் பஞ்சை அடக்கிக்கொண்டு.

ஆபரேஷனுக்கு முதல் நாள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் அருணா வந்து, "ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல தண்ணி கூட குடிக்கக் கூடாதும்மா," என்று கண்டிப்பாகச் சொன்னாள். மற்ற கட்டில்காரர்களிடம் அதைச் சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டை காய்ந்திருந்தது.

"நான் ஆறு மணிக்கே நிறுத்திட்டேன். தெனமும் அப்பிடித்தான்," என்றாள் குணமதி. பொழுது சாய்ந்தால் வாயில் எதுவும் போடாத ஜைனக் குடும்பம் அது. பரீட்சைக்கு முன்பே பாஸ் ஆகிவிட்ட பெருமை அவள் முகத்தில் தெரிந்தது.

இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக ஊசி போட்டார்கள். மறைத்த துணிக்கு அந்தப் பக்கம் அறுக்கிற சத்தமும் சுத்தியல் தட்டுகிற சத்தமும் கேட்டன. வேறு யாராக இருந்தாலும் கண்ணை மூடிக் கடவுளைக் கூப்பிட்டிருப்பார்கள். குணமதி, "சார், பழசு போயிடுச்சா? புதுசு வெச்சாச்சா?" என்று இரண்டு முறை கேட்டாள். மூன்றாவது முறை கேட்பதற்குள் தூங்க வைத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை அலெக்ஸ் வாக்கரோடு வந்தான். வலி என்றால் அப்படி ஒரு வலி. அதுவரைக்கும் தான் வலி என்று நினைத்தது எல்லாம் வலியே இல்லை என்று குணமதிக்குத் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வர, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். கால் தரையில் பதிந்தது. முழங்கால் மடங்கிக் கீழே தள்ளவில்லை. அதுதான் அவளுக்குப் பெரிய அதிசயம்.

"போதும்மா, உக்காருங்க."

"எத்தினி நேரம் நின்னேன்?"

அலெக்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "அரை நிமிஷம்."

"இன்னும் எண்பத்தொம்போதரை நிமிஷம்தான் பாக்கி," என்றாள் குணமதி. வார்டே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் கணக்குச் சொன்னாள், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் ரத்தம் குறைவாக இருக்கிறது என்று ஒரு பாட்டில் ஏற்றினார்கள். யாருடையது என்று கேட்டாள். அது தெரியாது என்றாள் அருணா. "யாரா இருந்தாலும் நல்லா இருக்கட்டும்," என்று சொல்லிக் கையை நீட்டினாள். அந்தப் பாட்டில் பின்னால் தன் தூக்கத்தைக் கெடுக்கும் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்தபின் ஒரு விஷயம் அலெக்ஸைக் குழப்பியது. காலை ஆறரைக்கு ரயிலுக்குப் போகிற வழியில் வந்து காலை மடக்க வைப்பான். எழுபது டிகிரிக்கு மேல் ஓர் இம்மி நகராது. குணமதி தலையணையைக் கடித்துக்கொள்வாள். அதே கால், சாயங்காலம் அவன் திரும்பி வரும்போது நன்றாக மடங்கும். பத்து நாள் இப்படியே போயிற்று. வீக்கமா, பயமா, காயத்தில் ஏதாவதா என்று அவன் மண்டையை உடைத்துக்கொண்டான்.

பதினோராம் நாள் பத்மப்ரியாவிடம் மாத்திரைச் சீட்டை வாங்கிப் பார்த்தான். "வலி மாத்திரை ராத்திரி சாப்பாட்டுக்கு அப்பறம்தான குடுக்கறீங்க?"

"ஆமாண்ணா. கரெக்டா குடுக்கறேன்."

"எத்தினி மணிக்கு?"

"அஞ்சரைக்கு."

அலெக்ஸ் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். ராத்திரிச் சாப்பாடு என்று டாக்டர் எழுதியது ஒன்பது மணியை. இந்த வீட்டில் ராத்திரிச் சாப்பாடு என்பது சூரியன் இருக்கும்போதே முடிகிற சமாசாரம். அஞ்சரைக்குப் போட்ட மாத்திரையின் வேகம் நடுராத்திரிக்கு முன்பே தீர்ந்துபோக, விடியும்வரை வலியில் கால் விறைத்துக் கிடந்திருக்கிறது. அவனும் தினம் காலையில் வந்து அந்தக் காலைத்தான் வளைத்திருக்கிறான்.

"ஏம்மா, ராத்திரி எல்லாம் வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? இன்னா பேஜாரும்மா உங்களோட!"

"ஆபரேஷன் பண்ணா வலிக்கும்னுதான சொன்னீங்க. அதான் வலிக்குதுன்னு இருந்தேன்," என்றாள் குணமதி.

"ஒம்போது மணிக்கு ஒரே ஒரு வாய் தண்ணியோட மாத்திரைய முழுங்கிடுங்க. மருந்துக்குப் பாவம் கிடையாதும்மா."

"தண்ணியும் கிடையாது, மாத்திரையும் கிடையாது. வேற எதுனா சொல்லு."

அவன் டாக்டருக்குப் போன் போட்டான். டாக்டர் முதலில் சிரித்தார், பிறகு தோலில் ஒட்டுகிற மருந்துப் பட்டை ஒன்றை எழுதிக் கொடுத்தார். ஒட்டிவிட்டால் ராப்பகலாக வலியைக் குறைக்கும். குணமதி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங்க, ராத்திரில இது தோலு வழியா உள்ள எறங்குமே. அது சாப்பிடற மாதிரி ஆவாதா?"

வாழ்நாளில் முதல் முறையாக ஜினபாலன் பயப்படாமல் ஒரு தீர்ப்புச் சொன்னார். "வாய் வழியா போனாதான் சாப்பாடு. ஜல்தியா ஒட்டிக்கினு படு."

அன்று அவள் விடியும்வரை தூங்கினாள். மறுநாள் காலை முழங்கால் எண்பத்தைந்து டிகிரி மடங்கியது. அலெக்ஸ் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து பார்த்தார்.

அதன்பிறகு நாள் பறந்தது. தொண்ணூறு, நூறு, நூற்றுப் பத்து. வாக்கர் போய்க் கைத்தடி வந்தது, ஒரு மாதத்தில் கைத்தடியும் மூலைக்குப் போயிற்று. அலெக்ஸுக்கு மடக்குவதில் குறி, குணமதிக்கு நிற்பதில் குறி. அதில் இரண்டு பேருக்கும் தினமும் சண்டை. சும்மா நின்றுகொண்டே இருந்தால் கால் வீங்கும் என்பான். நிற்காமல் எப்படி நிற்கப் பழகுவது என்பாள் இவள். கடைசியில் அவனே இறங்கிவந்து வித்தையைச் சொல்லிக் கொடுத்தான். நிற்பது என்றால் தூண் நிற்கிற மாதிரி இல்லை. பாரத்தை இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்கும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், எதிரே இருப்பவருக்குத் தெரியக் கூடாது, குதிகாலை மட்டும் லேசாக எடுத்து எடுத்து வைக்க வேண்டும். குணமதி சமையல் மேடை முன்னால் நின்று மல்லாட்டை உரித்துக்கொண்டே பழகினாள். புரட்டாசியில் பதினைந்து நிமிஷம். ஐப்பசி பிறக்கும்போது நாற்பது. தீபாவளி அன்று எழுபது நிமிஷம் நின்று நாலு படி மல்லாட்டை உரித்தாள். இத்தனை மல்லாட்டையை என்ன செய்வது என்று பத்மப்ரியாவுக்குத்தான் தெரியவில்லை.

தீபாவளிக்கு மறுநாள் பக்கத்து வீட்டு மருதேவி வந்தாள். ஆகார விதிகளில் அந்தத் தெருவில் அவளை மிஞ்ச ஆளில்லை. கெட்ட மனசுக்காரி இல்லை. ஆனால் மனசில் பட்டதை அடக்கி வைக்கத் தெரியாது.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு ஒரு சந்தேகம். ஆகாரம் குடுக்கறதுக்கு முன்னாடி மன சுத்தி, வசன சுத்தி, காய சுத்தின்னு சொல்லணுமே. உங்க உடம்புக்குள்ள இரும்பு இருக்குது. யாரோ ஒருத்தர் ரத்தம் வேற ஏத்தியிருக்காங்க, இன்னா சாப்பிடற ஆளோ தெரியாது. உடம்பு சுத்தம்னு எப்பிடி வாய் கூசாம சொல்லுவீங்க?"

மருதேவி போனபின்னும் குணமதி அதே இடத்தில் நின்றாள். அன்று மட்டும் அவள் நேரத்தைக் கணக்குப் பார்க்கவில்லை.

"மடத்துல ஒரு வார்த்தை கேட்டுடலாமா?" என்றார் ஜினபாலன்.

"வாணாம். கூடாதுன்னு சொல்லிட்டா? மூணு மாசம் இந்தப் பாடு பட்டதெல்லாம் எதுக்கு?"

அலெக்ஸிடம் கேட்டாள். அவன் தனக்குத் தெரிந்ததைச் சொன்னான். "மொதல்ல அது இரும்பே இல்லம்மா, கோபால்ட் குரோமியம். கைபடாம பாக்கெட்ல வந்து, தியேட்டர்ல பிரிச்சி வெக்கறாங்க. உங்க உடம்புலயே அதான் சுத்தமான எடம்." அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ரத்தம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.

நாலு நாள் அதையே நினைத்துக் குழம்பினாள். காய சுத்தி இல்லை என்று ஒதுங்கினால், ஐந்து வருஷத்துக் கடன் அப்படியே நெஞ்சில் நிற்கும். இருக்கிறது என்று சாதித்தால், பொய்யாகப் போனால்? பொய் சொன்ன நிமிஷமே வசன சுத்தியும் போய்விடுமே. பட்டினி போட்டது போதாதென்று அசுத்தமான கையால் சோறும் போட்ட பாவம் சேருமே. ஐந்தாம் நாள் ஒரு முடிவுக்கு வந்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

கார்த்திகையில் அந்த நாள் வந்தது. முனிவர் முதல் நாள் சாயங்காலமே வந்து கோயிலில் தங்கிவிட்டார். விடிந்ததும் ஜினபாலன் குளித்து ஈர வேட்டியோடு கிணற்றில் தண்ணீர் இறைத்தார். துணியில் வடிகட்டிக் காய்ச்சினார்கள். பத்மப்ரியா பருப்பும் சோறும் நெய்யில் வதக்கிய புடலங்காயும் செய்தாள். ஒன்பது மணிக்கு மூன்று பேரும் துவைத்து யாரும் தொடாமல் காயவைத்த மடித் துணி உடுத்தி வாசலில் நின்றார்கள். அந்தத் தெருவில் நாலு வீட்டு வாசலில் அப்படி நின்றார்கள். முனிவர் எந்த வீட்டில் நிற்பார் என்று யாருக்கும் தெரியாது. மனசுக்குள் ஒரு அடையாளத்தை நினைத்துக்கொண்டு கிளம்புவார். அந்த அடையாளம் எந்த வாசலில் தெரிகிறதோ அங்கேதான் நிற்பார். எங்குமே தெரியவில்லை என்றால் பட்டினியோடு திரும்பிவிடுவார்.

எதிர்ப்பக்கம் அலெக்ஸ் நின்றிருந்தான். அரை நாள் லீவு. மடி இல்லாததால் கிட்டே வரக் கூடாது என்று அவனே தெரிந்து வைத்திருந்தான். அங்கிருந்தே கையை இடமும் வலமும் ஆட்டி, பாரத்தை மாற்று, பாரத்தை மாற்று என்று காட்டிக்கொண்டிருந்தான்.

ஒன்பதரை ஆயிற்று. முனிவர் வரவில்லை. பத்து. கோயிலில் யாரோ வெளியூர்க்காரர்கள் தரிசனத்துக்கு வந்துவிட்டார்கள் என்று தகவல் வந்தது. பத்தேகால். நாலாவது வீட்டுக்காரர்கள் கழுவிவிட்ட வாசற்படியில் உட்கார்ந்தார்கள். பிறகு மருதேவி வீட்டிலும் உட்கார்ந்தார்கள். கடைசியில் பத்மப்ரியாவும் ஜினபாலனும்கூட உட்கார்ந்தார்கள்.

"அத்த, கொஞ்சம் உக்காருங்களேன்."

"எங்கடி உக்கார்றது? படி எம்மாம் தாழ்வா இருக்குது. உக்காந்தா நாலு பேரு தூக்கணும்."

நாற்காலி கொண்டுவரலாம். ஆனால் ஊரெல்லாம் உட்கார்ந்த நாற்காலியில் மடித் துணியோடு உட்கார முடியாது. ஆகவே குணமதி நின்றாள். முக்கால் மணி என்று போட்ட கணக்கு வாசலிலேயே ஒன்றே கால் மணியைத் தாண்டிவிட்டது. முழங்கால் சூடாகிக் கனத்தது. அவள் குதிகாலை எடுத்து எடுத்து வைத்தாள். எதிரே அலெக்ஸின் கை விடாமல் ஆடிக்கொண்டிருந்தது.

முனிவர் எதிர்பார்த்த பக்கத்திலிருந்து வரவில்லை. பின்பக்கத்துச் சந்திலிருந்து திடீரென்று தெருவுக்குள் திரும்பினார். வலது கை விரல்களைக் குவித்துத் தோளில் வைத்திருந்தார். ஆகாரத்துக்குக் கிளம்பினால் அந்தக் கையை அங்கிருந்து எடுக்க மாட்டார், பேசவும் மாட்டார். வேகமான நடை. உட்கார்ந்திருந்தவர்கள் அலறிப் புடைத்து எழுந்து முந்தானையைச் சரிசெய்து கை கூப்புவதற்குள் நாலாவது வீட்டைத் தாண்டினார். மருதேவி வீட்டைத் தாண்டினார். குணமதிக்கு எழுந்திருக்க வேண்டிய வேலையே இல்லை. அவள் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தாள்.

"சுவாமி, நமோஸ்து! நமோஸ்து! இங்கே நில்லுங்கள், நில்லுங்கள்!"

அந்தத் தெருவே திரும்பிப் பார்க்கும்படி அவள் குரல் எழுந்தது. முனிவர் நின்றார்.

என்ன அடையாளத்தை நினைத்து வந்தாரோ, அது அவருக்குத்தான் தெரியும். நின்றுவிட்டார். மூன்று பேரும் அவரை மூன்று முறை வலம் வந்தார்கள். புது முழங்கால் மூன்று சுற்றும் சொன்னபடி வந்தது. மற்ற இருவரும் விழுந்து வணங்க, அவள் இடுப்பை வளைத்து வணங்கினாள். ஜினபாலன் எல்லோருக்கும் சேர்த்துச் சுத்திகளைச் சொல்லி உள்ளே அழைத்துப் போனார். மடியோடு இருந்த மற்ற வீட்டுக்காரர்களும் பின்னாலேயே வந்தார்கள், மருதேவி உட்பட.

முனிவரைப் பலகையில் அமர்த்திப் பாதம் கழுவினார்கள். இனி பரிமாறுகிறவர் ஒவ்வொருவரும் தன் வாயால் சொல்ல வேண்டும். ஜினபாலன் சொன்னார். பத்மப்ரியா சொன்னாள். குணமதி முறை வந்தது.

"மன சுத்தி. வசன சுத்தி."

அங்கே நிறுத்தினாள். ஜினபாலனின் முகம் வெளுத்தது.

"சுவாமி, அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி இதே வீட்ல விழுந்து உங்களப் பட்டினி அனுப்பினவ நான்தான். அந்த முழங்கால எடுத்துட்டு உலோகத்துல வேற வெச்சிருக்காங்க. முகம் தெரியாத யாரோ ஒருத்தர் ரத்தமும் என் உடம்புல ஓடுது. அது யாருன்னு எனக்குத் தெரியாது. அவங்க நல்ல மனசோட குடுத்தது, அது மட்டும் தெரியும். இவ்வளவும் சேந்ததுதான் இப்ப என் உடம்பு. மறைச்சி வெச்சிக் குடுக்க எனக்கு மனசு வரல. இந்த உடம்பத்தான் சுத்தம்னு சொல்றேன் சுவாமி. காய சுத்தி. ஆகாரமும் தண்ணியும் சுத்தம்."

முனிவர் பேச முடியாது. ஏற்கவில்லை என்றால் எழுந்து வாசலைப் பார்த்து நடப்பார், அவ்வளவுதான். அவர் எழுந்தார். எழுந்தவர் அங்கேயே நின்றார். தோளில் வைத்திருந்த வலது கையை இறக்கினார். இடது கையோடு சேர்த்து அவள் முன்னால் ஏந்தினார்.

"குடுங்கக்கா," என்று முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கரகரத்தது. மருதேவிதான். அழுதுகொண்டிருந்தாள்.

குணமதி கொடுத்தாள். முதலில் தண்ணீர், பிறகு சோறு, பருப்பு, நெய். ஒரு கவளம், இரண்டு கவளம். மூன்றாவதை எடுக்கும்போது ஜினபாலன் கண்ணை மூடிக்கொண்டார். அதுவும் முனிவர் கையில் போய்ச் சேர்ந்தது. நாலாவது, ஐந்தாவது. இருபதுக்கு மேல் யாரும் எண்ணவில்லை. முழங்கால் கொதித்தது, கொதிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். பாரம் இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்குப் போய்க்கொண்டே இருந்தது. எதிரே இருந்தவருக்கு அது தெரியவே இல்லை. ஒரு முடி விழவில்லை, ஒரு எறும்பு வரவில்லை. முனிவர் நிதானமாக வயிறு நிறையச் சாப்பிட்டார். கடைசியாக அவள் ஊற்றிய தண்ணீரைக் குடித்து, போதும் என்று தாமாகவே கையை மூடினார்.

அவரைத் தெருமுனைவரை கொண்டுபோய் விட எல்லோரும் கிளம்பினார்கள். வாசலில் அலெக்ஸ் கடிகாரத்தை உயர்த்திக் காட்டி, இரண்டரை மணி நேரம் என்று யாரிடமோ கத்திக்கொண்டிருந்தான். கூடத்தில் குணமதியும் பத்மப்ரியாவும்தான் மிச்சம். முழங்கால் பூசணிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது.

"எல்லாம் முடிஞ்சிடுச்சி அத்த. இப்பவாச்சும் உக்காருங்க."

குணமதி சிரித்தாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொள்ளவும் மறந்திருந்தாள்.

"இருடி," என்றாள், "இன்னும் கொஞ்ச நேரம் நிக்கறேன்."